‘நாலு பேர்’ என்பவர்கள் யார்? ஊர்வாய் வேலை செய்யும் விதம் பற்றித் தமிழ் இலக்கியம் காட்டுவது

சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட மகளையோ மருமகனையோ பெற்றவர்களே ஆள் வைத்துக் கொன்றார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான் எழுகிறது: பெத்த மனசு இதற்கு எப்படித் துணிந்தது? அதற்கு அடிக்கடி காதில் விழும் பதிலும் ஒன்றுதான்: “ஊருக்குள்ள தலைகாட்ட முடியல.”

கேட்பவருக்கு அது பதிலாகவே படாது. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பதற்காகவா ஓர் உயிரை எடுப்பது? ஆனால் அந்தச் சின்ன வாக்கியத்துக்குப் பின்னால் பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அது எப்படித் தொடங்குகிறது, யார் கை வழியாக அடிக்கிறது, எதனால் அதற்கு இவ்வளவு பலம் என்பதைத் தமிழ் இலக்கியம் சங்க காலத்திலிருந்தே கூர்ந்து பார்த்து வைத்திருக்கிறது. அதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் சில சொற்கள்

அம்பல், அலர்: இரண்டும் ஊர்ப்பேச்சைக் குறிப்பவை, ஆனால் ஒன்றல்ல. யாரைப் பற்றி, என்ன விஷயம் என்று உடைத்துச் சொல்லாமல் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பது அம்பல். இன்னாருக்கும் இன்னாருக்கும் இன்னது என்று பேர் சொல்லிப் பேசுவது அலர். இறையனார் களவியல் உரை இந்த வேறுபாட்டை விளக்குகிறது. அலர்தல் என்றால் மலர்தல். அம்பல் அதன் மொட்டு. ஒரு வதந்தியின் பருவங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு அதைக் கண்டு அஞ்சிய சமூகம் இது.

கௌவை: அலர் பெருகி ஊரெல்லாம் ஒரே இரைச்சலாக ஆகும் நிலை.

இற்செறிப்பு: பெண்ணை வீட்டை விட்டு வெளியே விடாமல் அடைத்து வைப்பது.

ஊர்விலக்கு: ஒரு குடும்பத்தோடு கொடுக்கல் வாங்கல், பேச்சுவார்த்தை, கோயில் காரியம் எதுவும் கூடாது என்று ஊர் கூடி முடிவெடுப்பது. ஊர்க்கட்டு, ஒதுக்கி வைப்பது என்றும் சொல்வார்கள்.

இந்த வரிசையிலேயே ஒரு கதை இருப்பதைக் கவனியுங்கள். முணுமுணுப்பில் தொடங்குவது ஒதுக்கிவைப்பதில் முடிகிறது.

நான்கு வரியில் முழு இயக்கம்

நற்றிணையின் 149ஆம் பாட்டு உலோச்சனார் பாடியது. நெய்தல் நிலத்து ஊர் ஒன்றின் தெரு:

சிலரும் பலரும் கடைக்கண் நோக்கி
மூக்கின் உச்சிச் சுட்டுவிரல் சேர்த்தி
மறுகில் பெண்டிர் அம்பல் தூற்றச்
சிறுகோல் வலந்தனள் அன்னை அலைப்ப

தெருவில் பெண்கள் இரண்டிரண்டு பேராக, கும்பல் கும்பலாக நிற்கிறார்கள். ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். மூக்கின் மேல் விரல் வைக்கிறார்கள். அந்தச் சைகை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அடுத்த வரியில் தாய் கையில் சிறு கோல் சுழல்கிறது. இந்த நான்கு வரியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று.

1. ஊர் அந்தப் பெண்ணிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லலாம், மறுக்கலாம். ஓரக்கண் பார்வைக்கு என்ன பதில் சொல்ல முடியும்? குற்றச்சாட்டு இல்லாத இடத்தில் மறுப்புக்கும் இடமில்லை.

2. பேச்சு தெருவில் நடக்கிறது, அடி வீட்டுக்குள் விழுகிறது. ஊர் கோலைத் தொடவே இல்லை. அவள் மேல் அதிகப் பாசம் வைத்தவளின் கையே அதற்குப் போதுமானதாக இருக்கிறது.

3. பாட்டு எட்டும் முடிவு ஊரைத் திருத்துவது அல்ல, ஊரை விட்டுப் போவது. நள்ளிரவில் தேரில் வரும் தலைவனோடு புறப்படத் துணிந்தாயிற்று. ‘அலர் சுமந்து ஒழிக இவ் அழுங்கல் ஊரே’. இந்த இரைச்சல் ஊர் தன் பேச்சைத் தானே சுமந்து கிடக்கட்டும் என்று பாட்டு முடிகிறது.

இரண்டாவது விஷயம்தான் முதன்மையானது. கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. வள்ளுவரும் அலரறிவுறுத்தல் அதிகாரத்தில் ஊரையும் தாயையும் ஒரே குறளில் சேர்த்தே வைக்கிறார்: ‘ஊரவர் கௌவை எருவாக அன்னைசொல் நீராக நீளும்இந் நோய்.’ ஊர் எரு போடுகிறது, தாய் தண்ணீர் ஊற்றுகிறாள். காதலை அடக்க நினைத்த இரண்டும் அதை வளர்த்தன என்பது அவர் சொல்ல வந்தது. அந்த இரண்டும் சேர்ந்தேதான் வேலை செய்கின்றன என்பதையும் அதே குறள் காட்டிவிடுகிறது.

ஒன்றை இடையில் சொல்லிவிட வேண்டும். இதே ஊர்ப்பேச்சை ஆண் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்தவும் வழி இருந்தது. எருக்கம்பூ மாலை சூடி, பனைமடல் குதிரையில் ஏறித் தெருவில் வருவேன் என்று மிரட்டினால் பெண் வீட்டார் இறங்கி வருவார்கள் என்பது மடலேறுதலின் கணக்கு. குறுந்தொகை 17ஆம் பாட்டு அதைத்தான் பேசுகிறது. தொல்காப்பியம் அந்த வழியைப் பெண்ணுக்கு அனுமதிக்கவில்லை. ஒரே வெட்கம் ஒருவருக்கு ஆயுதமாகவும் இன்னொருவருக்குச் சிறையாகவும் இருந்தது.

சாப விமோசனம் கிடைத்த பிறகும்

ஊர்ப்பேச்சு அடங்க வேண்டுமானால் குற்றமில்லை என்று நிரூபித்தால் போதாதா? இந்தக் கேள்வியைப் புதுமைப்பித்தன் 1943இல் ‘சாப விமோசனம்’ கதையில் எடுத்துக்கொண்டார். அகலிகை கல்லாகி, ராமன் பாதம் பட்டு மீண்டவள். கோதமன் ஏற்றுக்கொண்டாயிற்று. ஆனால் ஆற்றங்கரையில் ரிஷி பத்தினிகள் அவளைக் கண்டு ஒதுங்கிப் போகிறார்கள். கடவுளின் தீர்ப்பு அந்த ஆற்றங்கரையில் செல்லவில்லை.

பிறகு சீதை வந்து, தான் தீக்குளித்த கதையைச் சொல்கிறாள். ராமன் கேட்டான், தான் செய்ததாகச் சொல்கிறாள். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்கிறாள். உள்ளத்துக்குத் தெரிந்தால் போதாதா, உண்மையை உலகுக்கு நிரூபிக்கத்தான் முடியுமா என்று துடிக்கும் அகலிகை மறுபடி கல்லாகிறாள். அந்தத் தீ ஊர் பார்ப்பதற்காக மூட்டப்பட்டது. பார்வையாளர் இல்லாவிட்டால் அந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை. அடுத்து வரும் கதைக்கு இது அவசியம்.

ஒரே சம்பவம், இரண்டு அம்மாக்கள்

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழை நாள். கல்லூரி வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஏழைப் பெண். ஒரு பெரிய கார் வந்து நிற்கிறது. ஏறிவிடுகிறாள். அந்த மாலையில் அவளுக்கு நடந்ததை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள்.

அம்மா விதவை. பல குடித்தனங்கள் சேர்ந்து இருக்கும் வீடு. கேட்ட உடனே அலறுகிறாள், மகளை அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் என்ன விஷயம் என்று விசாரிக்கிறார்கள். கதை அந்த இடத்தில் ஒரு நொடி நின்று திரும்புகிறது. இப்படித் தெப்பமாக நனைந்து வந்திருக்கிறாளே என்று மழையைச் சாக்காகச் சொல்லி அம்மா சமாளித்துவிடுகிறாள். அப்புறம் மகளை உள்ளே அழைத்துப்போய்த் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறாள். இது தண்ணீர் இல்லை, நெருப்பு என்று நினைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் சொல்லிவைக்கிறாள்.

தலைப்பு சீதையின் தீயைச் சொல்கிறது. ஆனால் அந்தத் தீயைப் பார்க்க ஊர் திரண்டு நின்றது. இந்தத் தீக்குச் சாட்சி யாருமில்லை. அதில்தான் அந்தப் பெண் பிழைத்தாள்.

கதை வந்ததும் வாசகர்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு எழுந்தது. ஒரு தாய் இப்படிச் செய்வாளா, இப்படி எழுதலாமா என்று கேட்டார்கள். ஜெயகாந்தன் அதற்கு வாதமாகப் பதில் சொல்லி நிற்கவில்லை. அதே சம்பவத்தை வைத்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார். 1972இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. அதே மழை, அதே கார், அதே பெண். இங்கே அவள் பெயர் கங்கா. ஒன்றே ஒன்று மட்டும் மாறுகிறது. இந்த அம்மா வாயை மூடிக்கொள்ளவில்லை. ஊருக்குத் தெரிந்துவிடுகிறது.

அதிலிருந்து கங்காவின் வாழ்க்கை வேறு பாதையில் போகிறது. அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். மாமா அடைக்கலம் கொடுத்துப் படிக்க வைக்கிறார், அந்த உதவியையே பிடியாக வைத்துக்கொண்டு அவளிடம் அசிங்கமாக நடக்கவும் செய்கிறார். அவள் படித்து, வேலைக்குப் போய், நல்ல பதவிக்கு வந்த பிறகும் அந்த ஒரு மாலைதான் அவளுக்கு அடையாளம். அந்தச் சிறுகதையையும் நாவலுக்குள்ளேயே வைத்தார் ஜெயகாந்தன். தன் கதையையே யாரோ எழுதியிருப்பதைப் பத்திரிகையில் படிக்கிறாள் கங்கா, அதில் வரும் அம்மாவைப் பார்த்து ஏங்குகிறாள்.

சமூக அறிவியலில் ஒரு காரணத்தைத் தனியே பிரித்தெடுத்துப் பார்ப்பது மிகவும் கடினம். ஜெயகாந்தன் அதைச் செய்து காட்டினார் என்பது என் கருத்து. இரண்டு கதைகளிலும் உடலுக்கு நடந்தது ஒன்றே. ஒருத்தி மறுநாள் கல்லூரிக்குப் போகக்கூடியவளாக இருக்கிறாள், இன்னொருத்தி வீடிழக்கிறாள். இரண்டுக்கும் நடுவே இருப்பது அலர் மட்டுமே. ஆக, தண்டிக்கப்படுவது செயல் அன்று, செயல் வெளியே தெரிந்தது. ‘மானம் போச்சு’ என்ற சொல்லை இதோடு வைத்துப் பாருங்கள். காரில் வந்தவனின் மானம் இரண்டு கதைகளிலும் போகவே இல்லை.

முதல் அம்மாவையும் முழு விடுதலையாக எடுத்துக்கொள்ள முடியாது. அவள் ஊரை எதிர்க்கவில்லை, ஊரிடமிருந்து மறைத்தாள். அந்தக் குடித்தனங்களுக்கு நடுவில் அவளால் முடிந்தது அதுதான். அதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பதை இரண்டாவது அம்மாவைப் பார்த்த பிறகே உணர முடிகிறது.

வெறும் பேச்சுக்கு ஏன் பயம்?

பேசினால் பேசிவிட்டுப் போகட்டும் என்று ஏன் இருக்க முடியவில்லை? இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பயப்படுபவரைக் கோழை என்றோ பழமைவாதி என்றோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பயத்துக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது.

1. சாவுக்கு ஆள் வேண்டும். ‘தூக்கிப் போட நாலு பேர் வேண்டாமா?’ என்று ஊரில் கேட்பதுண்டு. ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்பதையும் இதையும் அடுத்தடுத்து வைத்தால், பேசுபவர்களும் பாடையைத் தூக்க வருபவர்களும் ஒரே ஆட்கள்தான் என்பது தெரியும்.

2. நல்லது கெட்டதற்குப் பணம் வேண்டும். மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். இன்னார் இவ்வளவு செய்தார் என்று வரிசையாக இருக்கும் ஒவ்வொரு வரியும் திரும்பச் செய்ய வேண்டிய கடன். நாம் செய்தது திரும்பி வர வேண்டுமானால் நம் வீட்டு விசேஷத்துக்கு ஆட்கள் வர வேண்டும். வராமல் போனால் அவமானத்தோடு நஷ்டமும் சேர்கிறது.

3. அடுத்த பிள்ளைக்குச் சம்பந்தம் வேண்டும். மூத்தவள் மேல் வந்த பேச்சு இளையவளின் ஜாதகத்தோடு சேர்ந்தே போகும். பெற்றவர்களைப் பிடித்து ஆட்டுவதில் இதற்கு இணையானது வேறில்லை.

4. தண்ணீர், கூலி வேலை, அறுப்புக்கு ஆள், கைமாற்று. கிராமத்தில் இவை எல்லாமே பழக்கத்தில் நடப்பவை, எழுத்தில் இல்லாதவை. ஊர்விலக்கு என்று முடிவானால் ஒரே நாளில் அத்தனையும் நிற்கும்.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ (2013) இந்தக் கணக்கை அருகிலிருந்து காட்டுகிறது. சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன், வேறு சாதியைச் சேர்ந்த சரோஜாவைக் கல்யாணம் செய்து ஊருக்கு அழைத்து வருகிறான். பாறை மேல் ஒரு குடிசை. அம்மா மாராயி, புருஷனை இழந்து தனியாளாக அவனை வளர்த்தவள். வந்த நாளிலிருந்து ஒப்பாரி வைக்கிறாள், ஏசுகிறாள். பெண் என்ன சாதி என்று வருவோர் போவோரெல்லாம் துருவுகிறார்கள். ஊர் கூடி அந்தக் குடும்பத்தை விலக்கி வைக்கிறது. மாராயி கொடுமைக்காரியாகப் பிறந்தவள் அல்ல. இத்தனை வருஷம் அந்த ஊரின் ஒத்தாசையில்தான் மகனை ஆளாக்கினாள். அந்த ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. கடைசியில் குமரேசன் இல்லாத இரவில், சரோஜா ஒளிந்திருக்கும் முட்புதருக்குத் தீ வைக்கிறார்கள். அந்தக் குரல்களுக்கு நடுவே மாராயியின் குரலும் கேட்கிறது.

நற்றிணைத் தாயின் கையிலிருந்த சிறு கோல் இங்கே தீயாகியிருக்கிறது. பெற்ற மனம் எப்படித் துணிகிறது என்று கேட்பவர்கள் இந்த நாவலைப் படிக்க வேண்டும். மாராயியை மன்னிப்பதற்காக அல்ல. அவளை மட்டும் பிடித்துத் தண்டித்துவிட்டால் ஊர் கையைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதைத் தெரிந்துகொள்வதற்காக.

குற்றமே செய்யாதவர்கள் மேல்

விதியை மீறியவர்கள் மேல்தான் இந்த அழுத்தம் விழும் என்பதில்லை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவலின் காளியும் பொன்னாவும் எந்தக் கட்டுப்பாட்டையும் மீறாதவர்கள். சாதிக்குள் கல்யாணம், ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர். பிள்ளை மட்டும் இல்லை. மாமனார் வீட்டு வாசலில் காளி நட்ட பூவரசு பன்னிரண்டு ஆண்டில் பெரிய மரமாகிவிட்டது. வருகிறவர்களெல்லாம் அந்த மரத்தையும் பார்க்கிறார்கள், பொன்னாவின் வயிற்றையும் பார்க்கிறார்கள். நல்ல காரியத்தில் அவளை முன்னே விடுவதில்லை. இன்னொரு கல்யாணம் செய்துகொள் என்று காளியிடம் சொல்கிறார்கள். திருச்செங்கோட்டு மலை உச்சியில், பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் சுற்றும் வறடிக்கல்லைச் சுற்றிவர, உயிரைப் பணயம் வைக்கிறாள் பொன்னா.

கடைசியில், தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவுக்கு அவளை அனுப்பிவைக்கும் திட்டம் வருகிறது. அந்த இரவில் சேரும் ஆண்கள் சாமி, பிறக்கும் குழந்தை சாமி கொடுத்தது என்பது நாவல் சொல்லும் வழக்கம். திட்டம் போடுபவர்கள் காளியின் அம்மா, பொன்னாவின் அம்மா, காளியின் நண்பனும் பொன்னாவின் அண்ணனுமான முத்து. இங்கேயும் எல்லாருமே பிரியப்பட்டவர்கள்.

நாவலுக்கு வெளியே நடந்தது

இந்த நாவல் வந்து நான்கு ஆண்டு சலசலப்பில்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. கோயிலையும் ஊர்ப் பெண்களையும் இழிவுபடுத்துகிறது என்றார்கள். புத்தகம் எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. அங்கே பெருமாள்முருகன் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். பெருமாள்முருகன் என்னும் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார்.

நடந்ததை மேலே பார்த்த வரிசையில் வைத்துப் பாருங்கள். முதலில் அம்பல். பிறகு சில பக்கங்களை மட்டும் நகலெடுத்துக் கொடுத்துப் பரப்பிய அலர். பிறகு கௌவை. கடைசியில் விலக்கு. சட்டம் ஒழுங்கு என்ற பெயரில் அரசு அலுவலகமே ஊர்க்கூட்டம் நடக்கும் மேடையானது மட்டும் புதிது.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வில், அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. எழுத்தாளர் தனக்குச் சிறப்பாக வருவதைச் செய்ய உயிர்த்தெழட்டும், எழுதட்டும் என்று அந்தத் தீர்ப்பு முடிந்தது.

சட்டத்தின் கை எதுவரை நீளும்?

வயதுவந்த இருவர் மணம் புரிய அவர்கள் சம்மதமே போதும், குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் சொல்லிவிட்டது. மகாராஷ்டிரம் ஊர்விலக்கையே குற்றமாக்கி 2016இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இவை இரண்டும் அவசியமானவை. கூட்டம் கூடி முடிவெடுக்கும் இடத்தை, ஆள் வைத்து அடிக்கும் இடத்தைச் சட்டத்தால் பிடிக்க முடியும். ஆனால் மொய் எழுத ஒருவர் வராமல் போனதை, தெருவில் ஒருத்தி மூக்கில் விரல் வைத்ததை எந்தப் பிரிவில் பதிவு செய்வது? அழுத்தத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

தீர்ப்புக்குப் பிறகு பெருமாள்முருகன் எழுத வந்தார். 2016இலேயே ‘கோழையின் பாடல்கள்’ என்ற கவிதைத் தொகுப்பு வந்தது. அடுத்து வந்த நாவல் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. அதன் முன்னுரையில் மனிதர்களைப் பற்றி எழுத அச்சமாக இருக்கிறது என்கிறார், தெய்வங்களைப் பற்றி எழுத இன்னும் அச்சம். விலங்குகளிலும் பசுவையும் பன்றியையும் தொட முடியாது. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து கடைசியில் ஆட்டுக்கு வந்து சேர்கிறார். அந்த நாவலில் குட்டி பிறந்ததும் அரசாங்கத்தில் காட்டிக் கணக்கில் ஏற்ற வேண்டும், காது குத்த வேண்டும். எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் சொல்லப் பதில் இல்லாமல், பூனாச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்கிறாள் கிழவி.